பாலைமரத்துப் புழுவும் பதினொரு நெருப்புப் பெட்டியும்

புழு தேடிக் கடல் கடந்தவள் என்று எங்கள் வீட்டில் இன்றும் என்னைக் கேலி செய்வார்கள். அதில் துளிகூடப் பொய்யில்லை. எழுபதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் மாதம், பத்தே நாள் விடுப்பில் நான் திருகோணமலைக்குப் போனது கோயிலுக்கும் அல்ல, கடற்கரைக்கும் அல்ல. பாலைமர இலையைத் தின்னும் ஒரு புழுவுக்காக. சரியாகச் சொன்னால் அந்தப் புழுவைத் தின்பவனுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால் அந்தத் தின்பவனைத் தின்பவன் ஒருவன் இருக்கிறானா என்று பார்ப்பதற்காக.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் சப்போட்டாவைப் பாலைக் கன்றின்மேல்தான் ஒட்டுக் கட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம். அதனால் காட்டில் பாலையைத் தின்கிற பச்சைப் புழு, தோப்புக்கு வந்து சப்போட்டாவையும் ஒரு கை பார்த்துவிடுகிறது. அந்தப் புழுவின் உடம்புக்குள் செந்நிறக் குளவி ஒன்று முட்டையிடும். கொசுவைவிடச் சின்னது. அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று, தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் முதுகிலேயே அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் கட்டிக்கொள்ளும். சில நாளில் கூட்டைத் திறந்துகொண்டு குளவி பறக்கும். இவனுக்கு நான் வைத்த பெயர் செம்பன்.

சில சமயம் செம்பனோடு கூட, மயில் கழுத்துப் பச்சையில் மின்னும் இன்னொரு குளவியும் அதே போத்தலில் உட்கார்ந்திருக்கும். இவன் பச்சையன். இவன் எங்கிருந்து வந்தான்? புழுவிலிருந்து வந்தான், ஆகவே விவசாயிக்கு நண்பன் என்றார் எங்கள் பேராசிரியர். இல்லை, செம்பனின் கூட்டுக்குள் புகுந்து செம்பனையே தின்றுவிட்டு வந்தவன், ஆகவே நண்பனின் எதிரி என்றேன் நான். கூட்டைப் புழுவிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தால் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கூடுகள் பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும். மூன்று வருடம், மூன்று விதமான இரும்பு இடுக்கி, நான் தொட்டதெல்லாம் நசுங்கியது. வேதாரண்யத்துக் காட்டில் கிடைத்த கொஞ்சத்தையும் நானே கொன்று தீர்த்திருந்தேன்.

பேராசிரியர் அதற்குள் பச்சையனைப் பெருக்கித் தோப்புகளில் விடுவதற்குத் திட்டமே போட்டுவிட்டார். எனக்குப் பயண அனுமதி கிடைத்ததே பச்சையனை உயிரோடு பிடித்து வருவதற்குத்தான். கிளம்பும்போது அவர் சொன்னது: “நிரூபித்தால் நான் திட்டத்தை நிறுத்துகிறேன். இல்லையென்றால் நான் சொன்னதை உன் ஆய்வேட்டில் எழுதிவிடு, அம்மா. இந்த வருடம் முடிக்கவேண்டாமா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் பெயரில் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும்!

திருகோணமலையில் எனக்கு இருந்த ஒரே ஆள் பாக்கியம் டீச்சர். பக்கத்தில் பாலையூற்று என்ற ஊரில் இருந்துகொண்டு உயிரியல் கற்பிக்கிறவர். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார், கடிதத்துக்குள் காய்ந்த பூச்சி ஒன்றும் இருக்கும். நேரில் பார்த்தால் என் வயதுதான், என்னைவிட வாய். “வாங்கோ வாங்கோ, புழு டொக்டர்!” என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். கல்யாணச் சாமான் வாங்கக் கிளிவெட்டியிலிருந்து வந்த கூட்டம் அவர் வீட்டில் நிறைந்திருந்ததால், என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தன் சிநேகிதி வீட்டில் விட்டார்.

சிநேகிதியின் பெயர் ஜெமீலா. மூத்தவளை ராத்தா என்று அழைப்பது அவர்கள் வழக்கம் என்று பாக்கியம் சொல்லித் தந்தார், நானும் முதல் நாளே ஒட்டிக்கொண்டேன். ராத்தாவின் புருஷன் காசிம் நாநா மூதூருக்குப் போகிற லாஞ்ச் படகில் இயந்திரம் பார்ப்பவர். மூன்று பெண்பிள்ளைகள், மூன்று பேருக்கும் இடுப்புவரை முடி. வீட்டின் ஒரு ஜன்னலைத் திறந்தால் கப்பல், மறு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குசினி. இரண்டிலிருந்தும் மாறி மாறிப் புகை வந்தது.

“இந்தியாவில இரிந்து வாறீங்க, சாரி கொண்டு வந்தீங்களா?” என்பது முதல் நாள் என்னைப் பார்க்க வந்த பத்துப் பெண்களும் கேட்ட ஒரே கேள்வி. இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்த காலம். என் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஊசி, பஞ்சு, மல் துணி, பூதக்கண்ணாடி, இரண்டு நூல் சேலை, அவையும் நான் உடுத்தியவை. வந்தவர்கள் முகத்தில் ஓடிய ஏமாற்றத்தைப் பார்த்து, இந்த நாட்டுக்கு ஆராய்ச்சி செய்ய வருபவர்கள் எவரும் குறைந்தது ஆறு சேலையாவது கொண்டுவர வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

சாப்பாடு அதைவிடப் பெரிய ஆராய்ச்சி. பாண் என்கிற ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்கள் அவை. அதனால் காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் நெருப்பாய் ஒரு தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் மரவள்ளியை மாலையில் வம்பளக்கும்போது கொறிப்போம். இங்கே அது இட்டிலியின் நாற்காலியில், மன்னிக்கவும், கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானம் பாரை மீன் குழம்பு. தேங்காய்ப்பாலில் நீந்திய அந்த மீனைத் தின்றபோது, இவ்வளவு நாள் நான் தின்றதெல்லாம் மீனின் தூரத்து உறவினர்கள் என்று தோன்றியது. தேநீருக்குச் சீனி கிடையாது. ஒரு கருப்பட்டித் துண்டைக் கையில் தருவார்கள். கடி, குடி, கடி, குடி. இரண்டாம் நாளே எனக்கு அது பழகிவிட்டது.

இரண்டாம் நாள் காட்டுக்குப் போனோம். கண்டி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாக்கியம் பஸ்ஸின் தலையில் ஏற்றிவந்திருந்த தன் சைக்கிளை இறக்கி, “பின்னால ஏறுங்கோ” என்றார். நான் ஏறினேன். சைக்கிள் இருபது அடி போனது, பிறகு நாங்கள் மூவரும், அதாவது அவரும் நானும் சைக்கிளும், ஒரு புதர்ப் பற்றைக்குள் போனோம். விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தலைக்குமேல் பாலைமரம். கிளையெல்லாம் மஞ்சள் பழம். “பாத்தீங்களே, சைக்கிளுக்கே பாதை தெரியுது” என்றார் பாக்கியம், முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.

பாலைப்பழம் தின்னும் விதி ஒன்றே ஒன்று, நிறுத்தத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தேனாய் இனிக்கும் அந்தப் பழத்தின் பால் உதட்டில் காய்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டது. அரைமணி நேரம் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கமுடியாமல் சைகையிலேயே பேசினோம். பாக்கியத்துக்கு அது பெரிய தண்டனை. முதல் புழுவைக் கண்டதும் அவர் கத்த முயன்று, மூக்கால் ஏதோ சத்தம் போட்டு, என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

இலையின் அடியில் சுண்டுவிரல் நீளத்தில், பச்சையாய், அசையாமல் கிடந்தது. முதுகில் வெள்ளைக் கூடுகள் அடுக்கடுக்காய். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேதாரண்யத்தில் ஒரு பருவம் முழுக்க அலைந்து நாலு கண்டேன். இங்கே மாலைக்குள் பதினொன்று! கிளையோடு வெட்டி, ஜாம் போத்தல் ஒவ்வொன்றிலும் ஒரு புழுவாக வைத்து, மல் துணியால் வாயைக் கட்டி, ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் ஒட்டினேன். அந்தக் காட்டில் அன்று என்னைவிடச் சந்தோஷமான உயிர் எதுவும் இருந்திருக்காது. போத்தலுக்குள் இருந்த பதினொரு பேரும் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள்தான்.

திரும்பி வரும் பஸ்ஸைப் பொலிஸ் நிறுத்தியது. ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று வழிமறித்துப் பைகளைச் சோதிக்கும் காலம். இளம் பொலிஸ்காரர் ஒருவர் என் பையிலிருந்து நாலாம் எண் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிங்களத்தில் அவர் கேட்டதைப் பாக்கியம் எனக்குத் தமிழில் சொன்னார்: “‘இவ்வளவு கொஞ்ச அரிசியை ஏன் போத்தலில் கொண்டு போகிறீர்கள்?’ எண்டு கேக்கிறார்.” நான் பதில் சொல்வதற்குள் அந்த அரிசி குடியிருந்த புழு மெல்லத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் போத்தலை என் மடியில் வைத்த வேகத்தில் தொப்பி கீழே விழுந்தது. அப்புறம் எங்கள் பஸ்ஸில் யாருடைய பையையும் அவர் திறக்கவில்லை. பின் சீட்டில் ஒரு பெரியவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அவர் காலடியில் இருந்த சாக்கில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போத்தல்களை ராத்தாவின் அலுமாரிக்குமேல் வரிசையாக அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. கூடுகள் திறக்க ஒரு வாரமாகும். ஒரு கூட்டைப் பிரித்துப் பார்ப்போமே என்று இடுக்கியை எடுத்தேன், வேதாரண்யத்தில் நசுக்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். பதினொன்றும் அப்படியே இருக்கட்டும், நடப்பது நடக்கட்டும் என்று தோன்றியது. உள்ளுக்குள் எனக்குத் தெரியும், இப்படியே விட்டால் போத்தலில் செம்பனும் பச்சையனும் வருவார்கள், புழுவும் பக்கத்திலேயே கிடக்கும், பேராசிரியர் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வார்.

நாலாம் நாள் காலை பாக்கியம் ஓடிவந்தார். “கிளிவெட்டிக்குக் கல்யாணத்துக்கு வாங்கோ, ரெண்டு நாள்தான். சும்மா இருந்து புழுவைப் பாத்தா அது கெதியா வளருமே?” லாஞ்ச் புறப்பட இருபது நிமிடம்தான். ராத்தாவிடம், “ராத்தா, புழுக்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், துணியை மட்டும் அவிழ்க்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பாக்கியத்திடம் இரண்டு நாளாக விரிவுரையே நிகழ்த்தியிருந்த நான், என் உயிரைப் பொறுப்பாக விட்டுப்போகும் ஆளிடம் அந்த வெள்ளை மணிகள் என்னவென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவளின் புத்தி அவ்வளவுதான்.

கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து உழவு இயந்திரத்தின் பெட்டியில் இருபத்தெட்டுப் பேர், ஒரு தவில், இரண்டு வாழைக்குலையோடு கிளிவெட்டிக்குப் போனோம். வயல், வயல், மறுபடியும் வயல். கல்யாண வீட்டில் எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழவில்லை. நான் கவிழ்த்தே பார்த்தேன். “உங்களுக்கு எப்ப கலியாணம்?” என்று கேட்ட பெண்களுக்கு, “புழு விஷயம் முடியட்டும்” என்று பதில் சொன்னேன். அவர்களில் ஒருத்தி மற்றவளிடம் தாழ்ந்த குரலில், “பாவம், வயித்தில பூச்சியாம்” என்றாள். திருத்தப் போகவில்லை. அதற்குப் பிறகு என் இலையில் பாகற்காய்தான் அதிகம் விழுந்தது.

திரும்பும்போது குடாவின் நடுவில் லாஞ்ச் நின்றுவிட்டது. காசிம் நாநா தலையை மட்டும் வெளியே நீட்டி, “பயப்பட ஒண்டும் இல்ல, ஓய்வெடுக்குது” என்று அறிவித்தார். வெயில் ஏறியது. வெருகல் பக்கத்துக் கரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் கருவாட்டுக் கடகத்தைத் திறந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒருவர் பாடினார், இருவர் சண்டை போட்டார்கள், ஒரு குழந்தை எல்லோர் மடியிலும் முறைவைத்துத் தூங்கியது. மூன்று மணி நேரம் கழித்து நாநா என் மல் துணியில் ஒரு கீற்றைக் கேட்டு வாங்கி எதையோ இறுக்கிக் கட்டினார், இயந்திரம் இருமிக்கொண்டு எழுந்தது. அறிவியலுக்கென்று வாங்கிய துணி அன்றுதான் முதல்தடவையாக ஒரு பயனுள்ள காரியம் செய்தது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்தேன். துணிகள் எல்லாம் அவிழ்ந்திருந்தன. போத்தலுக்குள் பதினொரு புழுக்களும் முதுகு வழவழவென்று, பளிச்சென்று கிடந்தன. ஒரு வெள்ளை மணிகூட இல்லை.

“ராத்தா!” நான் கத்திய கத்தலில் மூன்று பெண்பிள்ளைகளும் ஓடிவந்தார்கள்.

ராத்தா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பெருமையோடு வந்தார். “பாத்தீங்களா? நேத்து வெள்ளிக்கிழம. புள்ளைகளுக்குத் தலை பாத்து முடிச்சிட்டு நிமிந்தன், இதுகள் வாடிப் போய்க் கிடக்குதுகள். இலையும் தின்னுதில்ல. கிட்டப் போய்ப் பாத்தா, அல்லாவே, மேலெல்லாம் ஈர்! எப்புடித் தின்னும்? அதான் இருந்து ஒண்டு ஒண்டா எடுத்துட்டன். ஒரு ஈர் மிச்சமில்ல.”

நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததால் விக்கல்தான் மிஞ்சியது. மூன்று வருடம், ஒரு கடல், ஒரு காடு, எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமைத் தலைபார்ப்பில் போய்விட்டது. அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. என் புழுவையும் தன் பிள்ளைகளோடு வரிசையில் உட்காரவைத்து ஈரெடுத்த மனுஷியிடம் என்னவென்று கோபிப்பது?

“என்ன புள்ள, ஏன் அழுறீங்க? நான் பிழையா ஏதும் செஞ்சிட்டனா?”

“அது ஈர் இல்லை ராத்தா” என்றேன். “அதுதான் எனக்கு வேண்டியது. அதை எங்கே எறிந்தீர்கள்?”

ராத்தாவின் முகம் கறுத்தது. எறிந்தீர்கள் என்ற சொல்தான் அவரைச் சுட்டது. “எறியிறதா? நீங்க நம்பி என்ட கையில தந்துட்டுப் போன சாமான். அமானிதம். அதில ஒரு ஈரக்கூட நான் எறியலாமா?” அலுமாரியைத் திறந்தார். மடித்த துணிகளுக்கு நடுவில் நெருப்புப் பெட்டிகள். எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றின்மேலும் கரித்துண்டால் எண் போட்டிருந்தது, ஒன்றிலிருந்து பதினொன்றுவரை, என் போத்தல்களில் இருந்த அதே எண்.

ஏழாம் எண் பெட்டியைத் தள்ளித் திறந்தேன். பஞ்சுமேல் பதினாலு கூடுகள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

“ராத்தா, எதைக் கொண்டு எடுத்தீர்கள்?”

“எதைக் கொண்டு? நகத்தால. தண்ணி தொட்டு வெச்சா அடியில இளகும், பிறகு மெல்ல நெம்பினா வரும். ஈர நசுக்காம எடுக்கிறது ஒரு வேலையா? இருபது வருசமாத் தலை பாக்கிறன்.”

“ஏன் தனித்தனிப் பெட்டி?”

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில், இந்த இந்தியப் பெண்ணுக்கு அடிப்படையே தெரியவில்லை என்ற இரக்கம் இருந்தது. “ஒருத்தியிட ஈர் மத்தவட தலைக்குப் போக உடலாமா?”

நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். மீன் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் அடித்த அந்தத் தோளில் முகத்தை வைத்து, அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. மூன்று பெண்பிள்ளைகளும் எங்களைச் சுற்றிக் குதித்தார்கள். காரணம் தெரியாவிட்டாலும் குதிப்பதில் அவர்கள் குறைவைக்கவில்லை. கூட்டைப் புழுவிடமிருந்து பிரித்து, நசுக்காமல், கலக்காமல், எண்ணிட்டுத் தனியே வைத்திருக்கிறார். நான் மூன்று வருடம் செய்யமுடியாததை ஒரே முற்பகலில்.

இனிக் காத்திருப்புதான். பெட்டிகளை, நூலிழை வழியாகக்கூட எதுவும் தப்பிவிடாதபடி, மல் துணியில் சுற்றினேன். ஏழாம் நாள் செம்பன்கள் வந்தார்கள். கூட்டின் நுனியை மூடிபோல வட்டமாக வெட்டித் திறந்துகொண்டு, மரியாதையாக. மூன்றாம் எண்ணில் பத்து, ஐந்தில் பன்னிரண்டு, எட்டில் ஒன்பது. பச்சையன் ஒருவனும் இல்லை. எட்டாம் நாள் இன்னும் செம்பன்கள். பச்சையன் இல்லை. ஏழாம் எண்ணில் மட்டும் யாருமே வரவில்லை, பதினாலும் மூடியே கிடந்தன. பச்சையன் வராவிட்டால் புழுவிலிருந்துதான் அவன் வருகிறான் என்று ஆகிவிடும். பேராசிரியர் சொன்னது சரியென்று கைப்பட எழுதவேண்டியதுதான். எனக்குப் பாரை மீன்கூடக் கசந்தது.

புழுக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ராத்தாவுக்கு அதுதான் பெரிய துக்கம். “ஈரெல்லாம் எடுத்தும் ஏன் மவுத்தாகுதுகள்?” என்று கேட்டார். உள்ளேயே தின்றுமுடித்துவிட்டார்கள், வெளியே வந்தபோதே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.  ராத்தா பதினொன்றையும் பாலை இலைகளில் வைத்துக் கிணற்றடி முருங்கையின் கீழ் புதைத்தார். புழுக்களை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், ஒன்றிலும் எதுவும் மிச்சமில்லை என்று குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன், ஆனாலும் அவர் புதைக்கும்போது பக்கத்தில் நின்றேன்.

பத்தாம் நாள். மத்தியானம் நான் கிளம்பவேண்டும். பாக்கியம் பெட்டியைத் தூக்க வந்து நின்றார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், கடைசியாக ஒருமுறை, ஏழாம் எண் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் துணியை விலக்கினேன்.

ஒரு கூடு அசைந்தது.

நுனியில் அல்ல, விலாவில். சிறு ஓட்டை, ஓரமெல்லாம் எலி கடித்ததுபோலப் பிசிறு. அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தலை, பிறகு ஒரு கால், பிறகு மயில் கழுத்துப் பச்சையில் ஒரு முதுகு, வெயிலில் மின்னியது. பெட்டியில் புழு இல்லை. புழுவின் துண்டுகூட இல்லை. வெறும் பஞ்சும் செம்பன் கட்டிய கூடும்தான். பச்சையன் அந்தக் கூட்டுக்குள்ளிருந்து வந்தான்!

நான் என்ன சத்தம் போட்டேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னலில் நாலு தலை முளைத்தன. பாக்கியம் என் பெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். ராத்தா அம்மியிலிருந்த சம்பலை விட்டுவிட்டு ஓடிவந்தார். பூதக்கண்ணாடியை அவர் கண்ணில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“இவன் யாரு?”

“செம்பன் புழுவைத் தின்றான். இவன் செம்பனைத் தின்றான்.”

“அப்ப இவன் ஈருக்கு ஈர்” என்றார் ராத்தா. பிறகு என் ஆய்வேட்டில் நான் நாற்பது பக்கம் எழுதியதை இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். பிறகு கண்ணாடியை எடுக்காமலே கேட்டார்: “இவனுக்கும் ஒரு ஈர் இரிக்குமா?”

“தெரியாது ராத்தா” என்றேன். இன்றுவரை தெரியாது.

நான் புறப்படும்வரைக்கும் ஏழாம் எண்ணிலிருந்து ஆறு பச்சையன்கள் வந்தார்கள். உயிரோடு ஒருவனையும் எடுத்துப் போகவில்லை. ஆறு பேரையும் சாராயத்தில் போட்டு, பெட்டியையும் கூடுகளையும் பஞ்சில் பொதிந்து, மார்போடு அணைத்துக்கொண்டு கடல் கடந்தேன். சேலைகள் இரண்டையும் ராத்தாவிடம் விட்டுவிட்டேன். உடுத்தியதுதான், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

பேராசிரியர் அந்த நெருப்புப் பெட்டியை மேசையில் வைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு கூடாகப் பார்த்தார். விலாவில் பிசிறு ஓட்டையைப் பார்த்தார். பெட்டியின்மேல் கரியால் போட்ட ஏழாம் எண்ணைப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார், மறுபடி வந்து பார்த்தார்.  கடைசியில் தோப்புத் திட்டத்துக் கோப்பை எடுத்து, அதன் அட்டையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, மூடினார்.

“நீ ஜெயித்தாய். ஆனால் இதை எடுத்தது உன் கையில்லை” என்றார். “உன் கை எனக்குத் தெரியும். ஒரு கூடுகூட நசுங்கவில்லையே. யாரது? நம் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லேன், வேலை போட்டுத் தருகிறேன்.”

“ஏலாது, சார்” என்றேன். “அவருக்கு வெள்ளிக்கிழமை மூன்று தலை பார்க்க இருக்கிறது.”